நோய் நீங்கிய பின்

நுழையும்முன்

புற்றுநோய் என்றதும் நம் எண்ணம் அறுவை மருத்துவம், கதிர்வீச்சு, மருந்து என மருத்துவமனைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீடு திரும்பியவரின் வாழ்வைப் பற்றி நாம் மிகுதியாக எண்ணிப் பார்ப்பதில்லை. உண்ணவும் பேசவும் உழைக்கவும் அவர் மீண்டும் பழக வேண்டியிருக்கிறது. அதற்குத் துணைநிற்கும் அறிவியலையும் அமைப்புகளையும் மனிதர்களையும் பற்றிக் கூறுகிறது இப்பாடம்.

உடன்குடியில் ஒரு கேள்வி

செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் சூழ, திருச்செந்தூருக்கு அருகில் அமைந்த ஊர் உடன்குடி. 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை நெல்லை மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வூரின் பெயரைக் கேட்டவுடனே கருப்பட்டி நினைவுக்கு வரும். விடியற்காலையில் பனையேறுவோர் இறக்கித் தரும் பதநீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, விறகடுப்பில் ஏற்றி, பாகு பதம் வரும்வரை நெடுநேரம் கிளறி, சிரட்டையில் வார்த்துக் கருப்பட்டி எடுப்பர். மரமேறுவது பெரும்பாலும் ஆண்களின் பணி. காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் பணி. பதநீர் சுரக்கும் பருவம் ஆண்டில் சில மாதங்களே. அம்மாதங்களின் உழைப்பை நம்பியே அக்குடும்பங்களின் ஆண்டுக் கணக்கு அமைகிறது.

இத்தொழில் செய்யும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வலப்புற மார்பில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை மருத்துவத்தின்போது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டன. அதன்பின் மருந்துகளும் கதிர்வீச்சும் அளிக்கப்பட்டன. பல மாதங்களுக்குப் பின், ‘நோய் நீங்கிவிட்டது, இனி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்’ என்கிறார் மருத்துவர். வீட்டினர் மகிழ்கின்றனர். ஆனால் அப்பெண்ணின் மனத்தில் இருப்பது வேறொரு கேள்வி. ‘பருவம் தொடங்கப்போகிறது, டாக்டரம்மா. நான் அடுப்படியில் நின்று பாகு கிண்டலாமா?’

எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அதற்கு விடை காணும் துறையே புற்றுநோய் மறுவாழ்வு மருத்துவம்.

உயிர் பிழைத்தலின் மூன்று பருவங்கள்

அமெரிக்க மருத்துவர் ஃபிட்சு முல்லன் தம் இளம்வயதில் புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டவர். மருத்துவராகவும் நோயாளியாகவும் தாம் பெற்ற அறிவைக்கொண்டு 1985ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை, இத்துறையின் சிந்தனைப்போக்கை மாற்றியது. ‘குணமானவர்’, ‘குணமாகாதவர்’ என இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் போதாது என்றார் அவர். நோய் கண்டறியப்பட்டு மருத்துவம் நடைபெறும் காலம் முதற்பருவம். மருத்துவம் முடிந்து, நோய் திரும்புமோ என்னும் அச்சத்துடனும் தளர்ந்த உடலுடனும் வாழும் காலம் இரண்டாம் பருவம். நோய் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைந்து, எனினும் நோயும் மருத்துவமும் விட்டுச்சென்ற விளைவுகளோடு வாழும் காலம் மூன்றாம் பருவம். இம்மூன்றுக்கும் வெவ்வேறு வகையான துணை தேவை என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான தேசியக் கூட்டமைப்பு ஒன்று அமெரிக்காவில் உருவாக அவரும் காரணமாக இருந்தார்.

முதற்பருவத்தில் நோயாளியைச் சூழ்ந்து மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கின்றனர். இரண்டாம் பருவம் தொடங்கியதும் அவர்கள் விலகிவிடுகின்றனர். உறவினர்கள், ‘எல்லாம் சரியாகிவிட்டதே’ என்று தத்தம் பணிகளுக்குத் திரும்புகின்றனர். துணை குறைந்து தனிமை மிகும் காலம் இதுவே.

தெரிந்து தெளிவோம்

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் உள்ளவர்களாக உயிருடன் வாழ்வோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 5 கோடியே 35 இலட்சம். இந்தியாவில் அவ்வாண்டில் புதிதாக நோய் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர்.

தமிழகம் கண்ட தொடக்கம்

நம் நாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற குரல் எழுந்த காலத்தில், இந்நோய் வந்தால் பிழைப்பதே அரிது என்னும் நிலை இருந்தது. மருத்துவர் முத்துலெட்சுமி தம் தங்கையை 1923ஆம் ஆண்டு புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவருள் ஓர் உறுதியாக வளர்ந்தது. அவ்வுறுதியின் பயனாக 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் வி.சாந்தாவும் அதனை ஆராய்ச்சியும் கல்வியும் இணைந்த நிறுவனமாக வளர்த்தெடுத்தனர். 1955ஆம் ஆண்டு அங்குப் பணியில் சேர்ந்த சாந்தா, 2021ஆம் ஆண்டு மறையும்வரை அந்நிறுவனத்தையே தம் வாழ்விடமாகக் கொண்டார். 2005ஆம் ஆண்டு மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது.

மருத்துவம் வளர வளர, பிழைத்தவர்களின் எண்ணிக்கை பெருகியது. அதனோடு புதிய பொறுப்பும் பிறந்தது. காப்பாற்றப்பட்ட உயிர் எத்தகைய வாழ்வை வாழப்போகிறது என்னும் வினாவை மருத்துவ உலகம் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று அடையாறு நிறுவனத்தில் நோயாளியின் உள்ளத்தைப் பேணுவதற்கென்றே தனித்துறை இயங்குகிறது. தென்மாவட்ட மக்கள் மருத்துவத்திற்குச் சென்னையை மட்டுமே நம்பியிருந்த காலமும் மாறியுள்ளது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றவற்றில் புற்றுநோய் மருத்துவம் அளிக்கப்படுகிறது.

மறுவாழ்வின் நான்கு வகைகள்

மறுவாழ்வு மருத்துவத்தை அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் டயட்ஸ் நான்காக வகைப்படுத்தினார். பின்னர் வரக்கூடிய குறையை முன்னரே தடுப்பது முதல்வகை. இழந்த ஆற்றலை மீட்பது இரண்டாம் வகை. மீட்க இயலாத குறையோடும் இயன்றவரை தற்சார்புடன் வாழத் தாங்குவது மூன்றாம் வகை. நோய் முற்றிய நிலையிலும் வலியையும் துயரையும் தணிப்பது நான்காம் வகை.

இவ்வகைப்பாடு ஓர் உண்மையை உணர்த்துகிறது. மறுவாழ்வு என்பது மருத்துவம் முடிந்தபின் தொடங்குவதன்று. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டியது. எடுத்துக்காட்டாக, தொண்டையில் கதிர்வீச்சு பெறவிருப்பவருக்கு விழுங்கும் பயிற்சியை முன்னதாகவே கற்பித்துவிட்டால், பின்னர் அவர் உணவு உண்பதில் உறும் இடர் குறைகிறது.

கையும் வாயும் குரலும்

உடலில் குருதியோட்டத்தைப் போலவே நிணநீரோட்டம் ஒன்றும் உண்டு. கையிலிருந்து வரும் நிணநீர் அக்குளிலுள்ள கணுக்களின் வழியே செல்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்கணுக்கள் அகற்றப்பட்டாலோ கதிர்வீச்சால் தழும்பேறினாலோ, நிணநீர் தேங்கிக் கை வீங்கக்கூடும். மருத்துவம் முடிந்து சில மாதங்களிலும் இது தோன்றலாம். பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். அக்கையில் ஏற்படும் சிறு வெட்டும் தீப்புண்ணும் தொற்றுக்கு வழிவகுத்து வீக்கத்தை மிகுவிக்கும். மோதிரமோ வளையலோ வழக்கத்தைவிட இறுகுவதும், கை கனப்பதும் முதல் அறிகுறிகள். அந்நிலையிலேயே மருத்துவரை அணுகினால் அழுத்த உறை, நிணநீரை வடியச் செய்யும் மென்மையான நீவல், பயிற்சி ஆகியவற்றால் வீக்கத்தைக் கட்டுப்படுத்தலாம்.

முற்காலத்தில் இத்தகைய பெண்களிடம், ‘அந்தக் கையால் எதையும் தூக்காதே’ என்றே அறிவுறுத்தினர். வீட்டுப் பணியும் கூலிப் பணியும் செய்யும் பெண்ணுக்கு அது பாதி வாழ்வை இழப்பதற்கு ஒப்பானது. 2009ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று, தேர்ந்தவர் மேற்பார்வையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்யும் பயிற்சி வீக்கத்தை மிகுவிப்பதில்லை என்று காட்டியது. கையை முடக்கி வைப்பதைவிடப் படிப்படியாகப் பழக்குவதே நன்று என்பது இன்றைய மருத்துவக் கருத்து.

புகையிலையும் அது கலந்த பாக்கும் மெல்லும் பழக்கம் வாய்ப்புற்றுநோய்க்கு முதன்மையான காரணமாகும். இந்நோய்க்கான கதிர்வீச்சு, தாடைத் தசைகளை இறுகச் செய்யக்கூடும். உமிழ்நீரைக் குறைத்துப் பற்சிதைவையும் உண்டாக்கக்கூடும். வாய் முழுதும் திறக்காத நிலையில் ஒரு கவளம் சோறு உண்பதும் போராட்டமாகிறது. நாள்தோறும் செய்யும் தாடைப் பயிற்சியும் பற்களின் பராமரிப்பும் இந்நிலையைத் தடுக்க உதவுகின்றன. புகையிலையை அறவே விடுவதும் மறுவாழ்வின் பகுதியே.

குரல்வளை முழுதும் அகற்றப்பட்டவரின் நிலை வேறு. அவர் மூக்கின் வழியே மூச்சு விடுவதில்லை. கழுத்தின் முன்புறம் அமைக்கப்பட்ட துளையின் வழியே விடுகிறார். அவருடைய இயற்கைக் குரல் மறைந்துவிடுகிறது. ஆயினும் பேச்சு மறைய வேண்டியதில்லை. உணவுக்குழாயில் காற்றை நிரப்பி வெளிவிட்டுப் பேசும் முறை, கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தப்படும் சிறு குரல்கருவி என மூன்று வழிகள் உள்ளன. அயல்நாட்டுக் குரல்கருவியின் விலை பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஏழை நோயாளிகள் அதனை வாங்க இயலாமல் ஊமையராகிவிடுவதைக் கண்ட பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ், ஏறத்தாழ 50 ரூபாய் விலையில் ‘ஓம்’ என்னும் குரல்கருவியை உருவாக்கினார்.

கழுத்தில் துளை உள்ளவர் வாழ்க்கை முறையிலும் மாற்றம் தேவை. தாமிரபரணியில் மூழ்கிக் குளித்துப் பழகியவர் இனி அவ்வாறு செய்தல் கூடாது. துளையின் வழியே நீர் நேரே நுரையீரலுக்குள் சென்றுவிடும். தேரிக்காட்டில் காற்று வீசும் காலத்தில் மணல்தூசு புகாதவாறு மெல்லிய துணியால் துளையை மூட வேண்டும். மருத்துவமனையில் தரப்படும் பொதுவான அறிவுரையை அவரவர் ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்ப விரித்துரைப்பது மறுவாழ்வுப் பணியாளரின் திறமை.

பனையேறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் மருந்துகளுள் சில, கைகால்களின் நுனி நரம்புகளைத் தாக்கி உணர்விழக்கச் செய்பவை. தரையில் நடப்பவருக்கு அது மரமரப்பாக மட்டும் தோன்றலாம். பாதமும் விரல்களும் மரத்தைப் பற்றியிருப்பதை உணர்ந்தே உயரத்தில் நிற்கும் பனையேறிக்கோ அது உயிருக்கே ஊறு விளைவிக்கும். அவர் மீண்டும் மரமேறும் முன்பு உணர்வும் சமநிலையும் சோதிக்கப்பட வேண்டும். உணர்வு திரும்பும்வரை அல்லது திரும்பாவிடில், அவருக்கு ஏற்ற மாற்றுப்பணி காண்பதும் மறுவாழ்வின் கடமையாகும்.

மீண்டவர் பலரையும் வாட்டுவது அளவிறந்த சோர்வு. உறங்கி எழுந்தாலும் நீங்காத இச்சோர்வைச் சோம்பல் என்று பிறர் கருதிவிடுவதுண்டு. ஓய்வு ஒன்றே இதற்கு மருந்தன்று. மருத்துவரின் அறிவுரைப்படி நாள்தோறும் சிறிது தொலைவு நடப்பது முதலிய பயிற்சிகள் இச்சோர்வைக் குறைப்பதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. உணவைப் பொறுத்தவரையில், ஏதேனும் ஒரு பண்டம் புற்றுநோயைத் தீர்த்துவிடும் என்னும் பேச்சை நம்பி மருத்துவத்தைக் கைவிடுதல் கேடு தரும். உடன்குடிக் கருப்பட்டியும் சுவையான உணவே. அது புற்றுநோய்க்கு மருந்தன்று.

உள்ளத்தின் காயம்

உடற்புண் ஆறியபின்னும் உள்ளத்தின் அச்சம் ஆறுவதில்லை. ஒவ்வொரு சோதனை நாள் நெருங்கும்போதும் உறக்கம் கெடுகிறது. சிறு தலைவலியும் ‘நோய் திரும்பிவிட்டதோ?’ என்னும் கலக்கத்தைத் தருகிறது. இவ்வச்சம் கோழைத்தனமன்று, மீண்டவர் பலருக்கும் பொதுவானது. உளவியல் வல்லுநரின் துணையும், அதே நோயிலிருந்து மீண்ட மற்றொருவரின் பேச்சும் இதனைத் தணிக்கின்றன. ‘நானும் இப்படித்தான் அஞ்சினேன், இப்போது பத்து ஆண்டுகள் ஆகின்றன’ என்று ஒருவர் கூறும்போது, நூறு அறிவுரைகள் தாராத நம்பிக்கை பிறக்கிறது.

2011ஆம் ஆண்டு உலகக்கோப்பைக் கிரிக்கெட் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட யுவராஜ் சிங்கின் மார்புப் பகுதியில் புற்றுக்கட்டி இருப்பது பின்னர்த் தெரியவந்தது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அவருக்கு மருத்துவம் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று சென்னை சேப்பாக்கம் அரங்கில் நியூசிலாந்து அணிக்கு எதிராக அவர் மீண்டும் களமிறங்கினார். இடைப்பட்ட மாதங்களில் பெங்களூருவில் அவர் மேற்கொண்ட பயிற்சியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மருந்து நோயை நீக்கியது; களத்திற்கு அவரை மீட்டது அம்மாதங்களின் பொறுமையான உழைப்பு. யுவராஜுக்குக் கிடைத்த பயிற்சி வசதி பனங்காட்டு உழைப்பாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே மறுவாழ்வு இயக்கத்தின் நோக்கம்.

வகுப்பறைக்குத் திரும்பும் தோழர்

1980களில் அடையாறு நிறுவனம் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகள் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே வகையான மருந்துத்திட்டத்தைப் பின்பற்றத் தொடங்கின. அதன்பின் பிழைக்கும் குழந்தைகளின் விகிதம் பெரிதும் உயர்ந்தது. அவ்வாறு பிழைத்த குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர். சில மருந்துகள் பின்னாளில் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கு நெடுங்காலக் கண்காணிப்பு தேவை. தாம் பெற்ற மருந்துகளின் குறிப்பை அவர்கள் வாழ்நாள் முழுதும் பாதுகாக்க வேண்டும்.

அத்தகைய ஒருவர் நம் வகுப்பிலேயே இருக்கலாம். முடி உதிர்ந்த தலையைக் கேலி செய்யாதிருத்தல், விடுபட்ட பாடங்களை எழுதித் தருதல், சளியோ காய்ச்சலோ உள்ளபோது அவர் நலன் கருதிச் சற்று விலகியிருத்தல், மற்ற நாள்களில் விலகாமல் அருகில் அமர்தல் ஆகியவை அனைத்தும் மருத்துவர் எழுதித் தர இயலாத மருந்துகள்.

உரிமையும் உதவியும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் மருத்துவத்திற்குத் துணைநிற்கிறது. சோதனைக்காக மருத்துவமனைக்குச் செல்லும் புற்றுநோயாளர்க்கும் உடன்செல்வோர்க்கும் இந்திய இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. திருச்செந்தூரில் ஏறி இரவு முழுதும் பயணம் செய்து சென்னைக்குச் செல்லும் குடும்பத்திற்கு இச்சலுகை பெரிய உதவி.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. இதன்வழி இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புப் பேணுதலும் தேவைப்படுவோரின் வீட்டிற்கே செல்கின்றன. மறுவாழ்வுக்காக நெடுந்தொலைவு பயணம் செய்ய இயலாத சிற்றூர் மக்களுக்கு இது ஒரு வாயிலைத் திறந்துள்ளது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சுக் குறைபாட்டை விளக்கும் இடத்தில், குரல்வளை அகற்றப்படுவதால் ஏற்படும் நிலையான குறைபாட்டை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. எனவே, அத்தகையோர் தம் குறைபாட்டிற்குச் சான்று பெற்று, சட்டம் வழங்கும் உரிமைகளைக் கோரலாம். பிரான்சு நாடு மேலும் ஓரடி முன்சென்றது. மருத்துவம் முடிந்து குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்துவிட்டால், கடனுக்கான காப்பீடு பெறும்போது தம் பழைய புற்றுநோயைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2016ஆம் ஆண்டு அந்நாடு சட்டம் இயற்றியது. 2022ஆம் ஆண்டு அக்கால அளவு ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ‘மறக்கப்படும் உரிமை’ என்று இது வழங்கப்படுகிறது.

உடனிருப்போர்

சட்டம் மறக்கச் சொன்னாலும் ஊர் மறப்பதில்லை. மீண்டவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. திருமணம் தடைப்படும் என்றஞ்சி நோயையே மறைக்கும் குடும்பங்களும் உள்ளன. புற்றுநோய் தொற்றுநோயன்று. நோயுற்றவரைத் தொடுவதாலோ, அவரோடு ஒரே தட்டில் உண்பதாலோ அது பரவுவதில்லை. அறியாமையால் நேரும் இவ்விலக்கத்திற்கு அஞ்சியே பலர் சோதனைக்கும் செல்லாது காலம் தாழ்த்துகின்றனர். நோயை முற்றவிடுவதில் ஊராரின் சொல்லுக்கும் பங்குண்டு.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து பேணுபவரையும் நான்காவதாகச் சேர்த்தே மருத்துவம் என்று கூறுகிறது. முதல் மூன்றும் மருத்துவமனையில் கிடைத்துவிடும். நான்காமவர் வீட்டிலும் தெருவிலும் பணியிடத்திலும் கிடைக்க வேண்டும்.

உடன்குடிப் பெண்ணின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மருத்துவர் அவரை இயன்முறை மருத்துவரிடம் அனுப்புகிறார். கையின் சுற்றளவு அளந்து குறிக்கப்படுகிறது. தோளுக்கும் கைக்கும் உரிய பயிற்சிகள் கற்பிக்கப்படுகின்றன. நீண்ட பிடியுள்ள துடுப்பால், கையை மூடிய தடித்த பருத்தித் துணியுடன், கொதிபாகு தெறிக்காத தொலைவில் நின்று கிண்டலாம். தொடக்கத்தில் சிறிது நேரம் மட்டும் கிண்டி, பின்னர் நேரத்தைக் கூட்டலாம். பதநீர்க் குடத்தைத் தூக்கும் பணியைப் பயிற்சி முடியும்வரை வேறொருவர் செய்யட்டும். சிரட்டையில் வார்ப்பதும் கருப்பட்டியை அடுக்குவதும் இப்பருவத்தில் அவருக்கு ஏற்றவை. கை கனத்தால் அன்றே வந்து காட்ட வேண்டும்.

இவ்விடையில் மருத்துவர் செய்தது பாதியே. நீண்ட துடுப்பைச் செய்து தருபவர் கணவராக இருக்கலாம். குடத்தைத் தூக்குபவர் அடுத்த வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். பயிற்சியை நாள்தோறும் நினைவூட்டுபவர் பதினோராம் வகுப்பு பயிலும் மகளாக இருக்கலாம். அத்தனை பேரும் உடன் நின்றால், பருவம் தொடங்கும் நாளில் அவர் தம் அடுப்பை மூட்டுவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஏதேனும் ஒரு தொழிலைத் தேர்ந்துகொண்டு, புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர் அத்தொழிலுக்குத் திரும்பத் தேவையான மாற்றங்களைப் பட்டியலிடுக.

2. நீண்ட நாள் மருத்துவத்திற்குப்பின் வகுப்பறைக்குத் திரும்பும் தோழருக்கு வகுப்பின் சார்பில் வரவேற்பு மடல் எழுதுக.

3. ‘புற்றுநோய் தொற்றுநோயன்று’ என்னும் கருத்தை விளக்கி, உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வைப்பதற்கேற்ற சுவரொட்டியை உருவாக்குக.